பழைய பள்ளி மைதானத்தில் மெட்டல் டிடெக்டர்: காசையும் நகையையும் எங்கே கோட்டை விடுகிறோம்

கடையில் வாங்கும் மெட்டல் டிடெக்டர் பெரும்பாலும் வெளிநாட்டுக் காசுகளுக்கென்று அமைக்கப்பட்டது. எந்த உலோகம் என்று காட்டத் திரையில் வரும் எண்களும், ‘காசு’ என்று பெயர் போட்ட பட்டனும் அந்த ஊர்ச் செம்பு, நிக்கல், வெள்ளிக் காசுகளை வைத்து முடிவானவை. அதே அமைப்போடு ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ உள்ள பழைய பள்ளி மைதானத்தில் இறங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

அந்தப் பட்டனின் வேலை இரும்பை ஒதுக்குவது. ஆனால் நம்மூர்ச் சில்லறையில் பெரும்பகுதி காந்தத்தில் ஒட்டும் எஃகு. 10, 25, 50 பைசாக்கள் 1988 முதல் எஃகில் வந்தன. ஒரு ரூபாய் 1992 முதலும், இரண்டு ரூபாய் 2005 முதலும் எஃகுக்கு மாறின. தொண்ணூறுகளில் படித்த பிள்ளைகள் தவறவிட்டது இந்தச் சில்லறையைத்தான். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது. ஆனாலும் மண்ணுக்குள் கிடப்பவை கிடக்கத்தான் செய்கின்றன. இரும்பை ஒதுக்கும் அமைப்பை முழுக்கப் போட்டால் இவை வாய் திறக்காது, அல்லது எண் கீழும் மேலுமாகத் தாவும். சோடா மூடியும் அப்படித்தான் தாவும், அதனால் குழப்பம். 1947-இல் வந்த நிக்கல் ரூபாயும் காந்தத்தில் ஒட்டுகிற ரகம்தான்.

இதற்கு மருந்து, கிளம்பும் முன்பே ஒரு சோதனை. எஃகு 50 பைசா, எஃகு ஒரு ரூபாய், பழைய அலுமினிய 10 பைசா, வெள்ளி மெட்டி, மாத்திரை அட்டையின் ஒரு துண்டு, ஒரு சோடா மூடி, இவை ஆறும் போதும். வெறும் மண்ணில் ஒவ்வொன்றாக வைத்து 10 செ.மீ. உயரத்தில் காயிலை (கம்பின் அடியில் உள்ள வட்டத் தட்டை) ஓட்டி, வருகிற எண்ணையும் ஒலியையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு மாடியில் இதைச் செய்யக் கூடாது; கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பள்ளிச் சுவரை ஒட்டித் தேடும்போதும் இதே காரணத்தால் ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

நகை வேறு கணக்கு. மூக்குத்தி, கம்மல் திருகாணி, மெல்லிய மோதிரம் எல்லாம் திரையில் மாத்திரை அட்டையும் சாக்லேட் தாளும் வருகிற அதே இடத்தில்தான் வரும். ‘குப்பை எண்’ என்று அந்தப் பகுதியை அடைத்துவிட்டால் தங்கமும் சேர்ந்து அடைபடும். நகை தேடுவதென்றால் குப்பையைத் தோண்டிக்கொண்டேதான் போக வேண்டும், குறுக்குவழி கிடையாது. சங்கிலியும் கொலுசும் இன்னும் ஏமாற்றும்: இயந்திரம் முழு நீளத்தைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. கனமான கொலுசுகூட மெலிதாகத்தான் முனகும். சின்ன மூக்குத்தி 5 செ.மீ.க்குக் கீழே போய்விட்டால் சாதாரண இயந்திரத்துக்கு அநேகமாகத் தெரியாது. அலைவரிசையை மாற்ற முடிகிற இயந்திரமாக இருந்தால் சிறு தங்கத்துக்கு 15 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை வைக்கலாம்.

அடுத்தது மண். வடசென்னைப் பள்ளிகளில் பலவற்றின் மைதானம், மழைநீர் தேங்குகிறது என்று கட்டட இடிபாடும் செம்மண்ணும் கொட்டி மேடாக்கப்பட்டது. மேலே ஓடு, ஆணி, கட்டுக்கம்பி; ஐம்பது வருடத்துக்கு முந்தைய தரை அதற்கும் கீழே. காசு அளவுப் பொருளுக்குச் சாதாரண இயந்திரத்தின் எட்டும் ஆழம் 15 முதல் 20 செ.மீ.தான் என்பதால், மேடாக்காத இடத்தைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. பழைய வேப்ப மரத்தின் அடி சரியான துப்பு: தூர் வெளியே தெரிந்தால் அங்கே மண் ஏறவில்லை, தூர் புதைந்து மரம் கம்பம் நட்டதுபோல் நின்றால் ஏறியிருக்கிறது. மைதானத்தின் நடுவில் நடந்து நேரத்தைக் கரைப்பதும் வழக்கமான தவறு. சாப்பாட்டு நேரத்து மரநிழல், தண்ணீர்க் குழாயடி, கபடிக் களம், நீளம் தாண்டும் மணற்குழி, மாங்காயும் ஐஸும் விற்கிற கேட் ஓரம், இவைதான் பொருள் விழும் இடங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடலை ஒட்டிய மண்ணில் உப்பும் கருமணலும் உண்டு. கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் ஒலியை இயந்திரம் ஒதுக்கும்படி அமைப்பது, செய்யாமல் இறங்கினால் இயந்திரம் ஓயாமல் கத்தும். உலோகம் இல்லாத இடத்தில் காயிலை 15 செ.மீ. உயரத்திலிருந்து 3 செ.மீ. வரை இறக்கி ஏற்றி, ஒலி ஒரே சீராக வரும்வரை சரிசெய்யுங்கள். அப்படியும் கத்தினால் சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) குறைக்க வேண்டும். கத்துகிற மண்ணில் அதைக் கூட்டினால் ஆழம் கூடும் என்பது நம்பிக்கை மட்டுமே. கைபேசியும் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரும்கூட இப்படிக் கத்த வைக்கும். உள்பக்கக் களிமண்ணுக்குப் பருவம்தான் பிரச்சினை: பள்ளி காலியாக இருக்கும் மே மாதத்தில் அது கல்லாக இறுகியிருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒரு விடுமுறை நாள் வசதி.

காயிலை வீச்சின் ஓரத்தில் தூக்காமல் தரைக்கு இணையாக ஓட்டுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். ஒலி வந்ததும் 90 பாகை திரும்பி மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஒலித்தால் மட்டும் தோண்டலாம். மண்வெட்டி வேண்டாம், காசு கீறும். கொத்தனார் கரணையால் மூன்று பக்கம் வெட்டி மண்ணைக் கதவுபோல் மடித்து, எடுத்த மண்ணைக் கோணியில் போட்டுச் சலித்து, திரும்பக் கொட்டி மிதித்துவிடுங்கள். மூடாத குழியில் திங்கட்கிழமை ஒரு பிள்ளையின் கால் மடங்கும். கேபிள், குழாய் போகும் பாதையை வாட்ச்மேனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி வாய்மொழியாக இருந்தால் போதாது. உதவிபெறும் பள்ளியானால் தாளாளரிடம், மாநகராட்சிப் பள்ளியானால் தலைமை ஆசிரியர் வழியாகக் கல்வித் துறையிடம் எழுத்தில் வாங்க வேண்டும். பழைய ஜெயில் ரோட்டில் நிற்கும் பழைய நகரச் சுவர் போன்ற, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களின் பக்கமே கரணையோடு போகாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அண்மையில் தொலைந்த மோதிரம் என்றால் உரிமையாளர் இருக்கிறார். தேதி, இடம், எடை குறித்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

எடுத்த பழைய காசைப் புளி போட்டுத் தேய்ப்பது நம்மூருக்கே உரிய தவறு. பச்சை படிந்த காலணாவின் எழுத்தும் அதோடு போய்விடும், சேகரிப்பவர்கள் தொடக்கூட மாட்டார்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, மண் இளகியபின் மெல்லிய துணியில் ஒற்றி எடுத்தால் போதும்.