துபாயில் கல்யாணமா? ஜூலை கடைசி வாரத்தைப் பாருங்கள்

நம்ம நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் துபாயிலேயே கல்யாணத்தை வைக்கிறார்கள். அப்படியானால் டிசம்பரை விட்டுவிட்டு, ஜூலை கடைசி வாரம் அல்லது ஆகஸ்ட் முதல் வாரத்தில் தேதி குறியுங்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே சுற்றுலாக் காலம். மண்டபமும் அறையும் உச்ச விலையில் இருக்கும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதால் கூட்டம் குறைந்து, ஓட்டல்காரர்கள் விலை பேச இறங்கி வருவார்கள். விமான டிக்கெட்டிலும் லாபம் உண்டு. அங்குள்ள பள்ளி விடுமுறைக்கு ஜூலைத் தொடக்கத்தில் குடும்பங்கள் ஊருக்கு வரும், ஆகஸ்ட் பாதிக்குமேல் திரும்பும். திருவனந்தபுரத்திலிருந்து போகும் நம் ஆட்கள் இந்த இரண்டு நெரிசலுக்கும் நடுவில் போய் வந்துவிடலாம். சாப்பாட்டுக்குத் தலைக்கு விலை கேட்கும்போது, வரியும் சர்வீஸ் சார்ஜும் சேர்த்துத்தானா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஆடி பார்க்கும் வீடுகளுக்கு இது ஒத்துவராது, அந்த நாட்கள் முழுக்க ஆடிதான். கடற்கரையிலோ பாலைவனக் கூடாரத்திலோ வரவேற்பு வைக்க ஆசைப்பட்டாலும் வேண்டாம். ராத்திரியிலும் புழுக்கம் தாங்காது, வயசான பாட்டி தாத்தா பாவம். இங்கே ஸ்கூல் நடக்கும் சமயம் என்பதால் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்குமா என்பதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.