லினக்ஸுக்குள் விண்டோஸ்: நாமே இழுத்துவிட்டுக்கொள்ளும் தவறுகள்

அச்சகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கடைக் கம்ப்யூட்டரை உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்கு மாற்றினார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் பதினைந்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் பில் புத்தக மாதிரிகளும் பேஜ்மேக்கர் (விண்டோஸில் ஓடும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகளாக இருந்தன, அதுவும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில். லிப்ரே ஆபீஸ் டிராவில் திறந்தால் கோப்பு வருகிறது, வடிவமைப்பு கலைந்துவிடுகிறது. சரியென்று, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைப் பாவனை செய்யும் கியூஎமு மென்பொருளை நிறுவி அதற்குள் விண்டோஸ் 11 போட்டார். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, "அண்ணே, ஸ்டார்ட் மெனுவை அமுக்கிட்டு டீ குடிச்சுட்டு வந்திடலாம் போல இருக்கு" என்றார்.

நான் போய்ப் பார்த்தபோது அங்கே தவறு ஒன்றல்ல, ஏழெட்டு இருந்தன. எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். விஎம், அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர், உருவாக்கும்போது நாம் வெறுமனே ஒரு மென்பொருளை நிறுவவில்லை, ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்கிறோம். எந்த போர்டு, எத்தனை சிபியு, எந்த வகை டிஸ்க், கடிகாரத்தில் என்ன நேரம் என்று அத்தனையையும் உள்ளே இருக்கும் விண்டோஸுக்குச் சொல்வது நாம்தான். எதையும் பார்க்காமல் 'நெக்ஸ்ட்' அமுக்கிக்கொண்டே போனால், கடைக்காரர் கையில் கிடைத்த பாகங்களை மாட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர்தான் கிடைக்கும்.

கேவிஎம் இல்லாமல் ஓட்டுவது

நண்பரின் டீக்குக் காரணம் இதுதான். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-இல் கியூஎமுவை வெளியிட்டபோது அது கெஸ்டின் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளத்தின்) ஒவ்வொரு கட்டளையையும் நம் சிபியுவுக்குப் புரியும் மொழிக்கு மாற்றி மாற்றி ஓட்டியது. அது உண்மையான எமுலேஷன். ஆமை வேகம். 2007 பிப்ரவரியில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் 2.6.20-உடன், சிபியுவின் மெய்நிகராக்க வசதியைப் பயன்படுத்தும் கேவிஎம் சேர்ந்த பிறகு கதை மாறியது. கெஸ்டின் கட்டளைகள் பெரும்பாலும் நேரடியாக சிபியுவிலேயே ஓடும். ஆனால் கேவிஎம் கிடைக்காவிட்டால், விஎம்களை உருவாக்கி ஓட்ட உதவும் விர்ட்-மேனேஜர் ஒரு சின்ன மஞ்சள் எச்சரிக்கையைக் காட்டிவிட்டுப் பழைய முறையிலேயே ஓட்டிவிடும். அந்த மஞ்சளை யார் கவனிக்கிறார்கள்!

பெரும்பாலும் குற்றவாளி பயாஸ், அதாவது கம்ப்யூட்டர் தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருள். இன்டெல் போர்டில் விடி-எக்ஸ் அல்லது 'வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்றும், ஏஎம்டி போர்டில் 'எஸ்விஎம் மோட்' என்றும் ஒரு தேர்வு இருக்கும். அது அணைந்திருந்தால் கேவிஎம் வராது. சிபியு விவரத்தில் விஎம்எக்ஸ் என்ற கொடி தெரிவதை வைத்து ஏமாறக்கூடாது. பழைய கெர்னல்களில் பயாஸில் அணைத்திருந்தாலும் அது தெரியும். 'டெவ்' அடைவுக்குள் 'கேவிஎம்' என்ற பெயரில் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் நம்பகமான சோதனை.

கேவிஎம் ஒரே கட்டமைப்புக்குள்தான் வேலை செய்யும் என்பதும் மறந்துபோகிற விஷயம். ராஸ்பெர்ரி பை ஏஆர்எம் சிபியு. அதில் சாதாரண எக்ஸ்86 விண்டோஸை ஓட்டினால் மறுபடியும் ஆமைதான். எந்த அமைப்பை மாற்றினாலும் சரியாகாது.

வர்ச்சுவல்பாக்ஸ் என்ற இன்னொரு விஎம் மென்பொருளையும் கேவிஎம்மையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். கெர்னல் 6.12 முதல், கேவிஎம் மாட்யூல் (கெர்னலோடு சேரும் பகுதி) ஏறியவுடனேயே சிபியுவின் அந்த வசதியைப் பிடித்துக்கொள்கிறது. நேற்றுவரை ஓடிய வர்ச்சுவல்பாக்ஸ் விஎம் கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு 'விஎம்எக்ஸ் ரூட் மோட்' என்று பிழை காட்டினால் விஎம்மை அழித்து மறுபடி நிறுவ வேண்டாம். கேவிஎம் மாட்யூலை இறக்கினால் போதும்.

நான்கு கோர் கொடுத்தும் ஒன்றே ஓடுவது

இது எனக்கே நடந்தது. நான்கு சிபியு கொடுத்திருந்தேன், ஆனால் டாஸ்க் மேனேஜர் ஒன்றைத்தான் காட்டியது. காரணம் வேடிக்கையானது. பழைய கியூஎமு நான்கு சிபியு என்றால் நான்கு தனித்தனி சாக்கெட், அதாவது போர்டில் நான்கு தனிச் சிப்புகள் என்று கெஸ்டுக்குச் சொல்லும். விண்டோஸ் ஹோம் ஒரே ஒரு சாக்கெட்டைத்தான் ஏற்கும், புரோ இரண்டை. மீதிச் சிப்புகள் விண்டோஸைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. கியூஎமு 6.2-இலிருந்து கோர்களாகக் காட்டும் வழக்கம் வந்துவிட்டது என்றாலும் முன்பே உருவாக்கிய விஎம் தன் பழைய போர்டு வகையோடும் பழைய கணக்கோடும்தான் ஓடிக்கொண்டிருக்கும். சிபியு பக்கத்தில் 'டோபாலஜி' பகுதியைத் திறந்து சாக்கெட் 1, கோர் 4, த்ரெட் 1 என்று கையால் எழுதிவிடுங்கள். கூடவே சிபியு மாதிரி 'ஹோஸ்ட் பாஸ்த்ரூ' (நம் சிபியுவை அப்படியே கெஸ்டுக்குக் காட்டுவது) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரேமைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 8 ஜிபி உள்ள கம்ப்யூட்டரில் 6 ஜிபியைக் கெஸ்டுக்குக் கொடுத்தால் லினக்ஸ் ரேமுக்குப் பதில் டிஸ்க்கைப் பயன்படுத்தி, ஸ்வாப்பில் மூச்சுத் திணறும்; அதன் மேல் உட்கார்ந்திருக்கும் விண்டோஸும் கூடவே திணறும். பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

டிஸ்க்கைக் காணவில்லை என்பது

விஎம்முக்கென்றே உருவான விர்ட்ஐஓ வகை டிஸ்க் வேகமானது என்று படித்துவிட்டு அதைத் தேர்ந்தெடுப்பார்கள். விண்டோஸ் நிறுவலில் 'எங்கே நிறுவ வேண்டும்' என்ற திரை வரும்போது பட்டியல் காலியாக இருக்கும். விண்டோஸுக்குள் விர்ட்ஐஓ டிரைவர் கிடையாது. ஃபெடோரா திட்டம் வெளியிடும் விர்ட்ஐஓ டிரைவர்களின் ஐஎஸ்ஓ கோப்பை (சிடியின் நகல்) இரண்டாவது சிடியாக மாட்டி, அந்தத் திரையிலேயே 'லோட் டிரைவர்' அமுக்கி, 'வயோஸ்டோர்' அடைவிலிருந்து டிரைவரை ஏற்ற வேண்டும். பக்கத்திலேயே 'வயோஸ்கஸி' என்று இன்னொன்று இருக்கும். அது விர்ட்ஐஓ-ஸ்கஸி முறையில் மாட்டிய டிஸ்க்குக்கு. இதை ஏற்றிவிட்டு "டிரைவர் போட்டும் டிஸ்க் வரலை" என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. முதலில் சாட்டா என்ற வழக்கமான டிஸ்க் வகையில் நிறுவிவிட்டு, பிறகு வேகத்துக்கு ஆசைப்பட்டு, டிஸ்க் வகையை மட்டும் விர்ட்ஐஓ என்று மாற்றுவது. அடுத்த பூட்டில் நீலத்திரை வரும், பூட் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று சொல்லும். பயப்பட வேண்டாம், டேட்டா எங்கும் போகவில்லை. டிஸ்க்கை மறுபடி சாட்டாவாக்குங்கள். 1 ஜிபியில் ஒரு வெற்று டிஸ்க்கை விர்ட்ஐஓவாகக் கூடுதலாக மாட்டுங்கள். விண்டோஸைத் தொடங்கி அந்தக் குட்டி டிஸ்க்குக்கு டிரைவர் நிறுவுங்கள். இப்போது விண்டோஸுக்கு அந்த டிரைவர் பழகிவிட்டது. அணைத்துவிட்டு, பெரிய டிஸ்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றி, குட்டியைக் கழற்றிவிடலாம்.

நண்பருக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்பதுதான் சோகம். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதற்கு விண்டோஸ் 11 எதற்கு? அவரிடம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி சிடி, உரிமச் சாவியோடு, அலமாரியில் இருந்தது. எக்ஸ்பிக்கு அரை ஜிபி ரேமே தாராளம். ஆனால் அதற்கு ஏற்ற பழைய போர்டைக் கொடுக்க வேண்டும். விர்ட்-மேனேஜரில் 'கியூ35' என்ற புதிய வகையில் சாட்டா டிஸ்க்கை மாட்டினால், எக்ஸ்பி நிறுவல் தொடக்கத்திலேயே 7பி என்ற எண்ணோடு நீலத்திரை காட்டி நின்றுவிடும். 'ஐ440எஃப்எக்ஸ்' எடுத்து ஐடிஇ டிஸ்க் மாட்டினால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறிவிடும். இன்டெல் அந்தச் சிப்செட்டை 1996-இல் வெளியிட்டது. எக்ஸ்பிக்கு அது சொந்தக்காரர் வீடு மாதிரி.

விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டும் என்றால் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி), 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் கேட்கும். ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. எதற்கு அந்த வம்பு? 'எஸ்டபிள்யூடிபிஎம்' தொகுப்பை நிறுவினால் மெய்நிகர் டிபிஎம் கிடைக்கும். பயாஸுக்குப் பதில் அதன் புதிய வாரிசான யூஇஎஃப்ஐ தேர்ந்தெடுத்தால் செக்யூர் பூட்டும் கிடைக்கும்.

அதிகாலை பில்லில் முந்தின நாள் தேதி

லினக்ஸும் கியூஎமுவும் வன்பொருள் கடிகாரத்தில் யூடிசி (உலகப் பொது) நேரம் இருக்கும் என்று வைத்துக்கொள்கின்றன. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. நமக்கு வித்தியாசம் 5:30 மணி. காலை 10 மணிக்கு விண்டோஸ் 4:30 காட்டும். முகூர்த்த நாள் அவசரத்தில் அதிகாலை 5 மணிக்கு அடித்த பில்லில் முந்தின நாள் தேதி விழுந்தது இப்படித்தான். கடிகாரத்தைக் கையால் திருத்துவது பயனற்ற வேலை. விஎம் அமைப்பில் கடிகாரம் 'லோக்கல் டைம்' என்று இருக்க வேண்டும்.

உண்மையான தவறு அதற்கும் முன்னால் நடந்திருக்கிறது. விஎம் உருவாக்கும்போது 'எந்த இயங்குதளம்' என்று கேட்கும் இடத்தில் அவர் 'ஜெனரிக்' என்று விட்டுவிட்டார். அங்கே விண்டோஸ் பதிப்பைச் சரியாகச் சொல்லியிருந்தால் விர்ட்-மேனேஜரே கடிகாரத்தை மாற்றியிருக்கும். சுட்டியை டேப்லெட் வகையாக வைத்திருக்கும். புதிய விண்டோஸாக இருந்தால், விஎம்முக்குள் அது சிக்கனமாக ஓட உதவும் ஹைப்பர்-வி வசதிகளையும் இயக்கியிருக்கும். அவை இல்லாத விண்டோஸ் சும்மா இருக்கும்போதும் சிபியுவைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு பெட்டியில் சோம்பல்பட்டதற்கு இத்தனை தண்டனை.

நிறைந்துபோகும் வட்டு, நம்ப முடியாத ஸ்னாப்ஷாட்

விஎம்மின் டிஸ்க்காக இருக்கும் கியூகௌ2 கோப்பு, கெஸ்ட் எழுத எழுதத்தான் வளரும். 60 ஜிபி என்று சொன்னாலும் முதலில் சில மெகாபைட்தான் இருக்கும். அதை நம்பி மூன்று விஎம் உருவாக்கிவிடுகிறோம். விர்ட்-மேனேஜருக்குப் பின்னால் வேலை செய்யும் லிப்விர்ட் இவற்றை 'வார்' அடைவுக்குள் வைக்கும். ரூட் பகுதிக்கு 30 ஜிபி மட்டும் ஒதுக்கியவர்களுக்கு ஒருநாள் அது நிரம்பும், விஎம் அப்படியே உறைந்து நிற்கும். உள்ளே கோப்புகளை அழித்தாலும் வெளியே கோப்பு சிறுத்துவிடாது. டிஸ்க் அமைப்பில் 'டிஸ்கார்ட்' என்பதை 'அன்மேப்' என்று வைத்திருந்தால்தான் விண்டோஸ் காலி செய்த இடம் திரும்பக் கிடைக்கும். டேட்டாவுக்கென்று தனிப் பகுதி இருந்தால் அங்கே ஒரு 'ஸ்டோரேஜ் பூல்' உருவாக்கி, முதல் நாளிலிருந்தே அதில் வையுங்கள்.

பிடிஆர்எஃப்எஸ் கோப்புமுறையில் இன்னொரு சிக்கல். எழுதும்போதெல்லாம் புது இடத்தில் நகல் எழுதும் கோப்புமுறை அது. கியூகௌ2-வும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் கோப்பு துண்டு துண்டாகிவிடும். அடைவுக்கு அந்த நகலெழுதும் பழக்கத்தை நிறுத்திவைக்கலாம். ஆனால் அது இனி உருவாகும் கோப்புகளுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே இருக்கும் கோப்புக்கு அல்ல.

ஸ்னாப்ஷாட்டை (விஎம்மின் ஒரு கணத்து நிலையின் பதிவை) பேக்கப் என்று நினைப்பவர்களிடம் நான் கோபப்படுவதுண்டு. கியூகௌ2-வின் உள் ஸ்னாப்ஷாட் அதே கோப்புக்குள்தான் இருக்கிறது. கோப்பு கெட்டால் எல்லாம் சேர்ந்தே போகும். விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து கியூஎமு-இமேஜ் கட்டளையால் ஸ்னாப்ஷாட் எடுத்தால் கோப்பைக் கெடுப்பதே அந்தக் கட்டளையாக இருக்கலாம். ஓடும் விஎம்முக்கு விர்ட்-மேனேஜர் வழியாக மட்டும் எடுங்கள். பேக்கப் என்றால் விஎம்மை அணைத்துவிட்டு கோப்பை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுப்பது.

நெட்வொர்க்கில் பலரும் தேவையில்லாமல் பிரிட்ஜ் (விஎம்மைக் கடை நெட்வொர்க்கில் தனிக் கம்ப்யூட்டராகச் சேர்ப்பது) போட முயல்கிறார்கள். வைஃபையில் அது பொதுவாக நடக்காது. கெஸ்டிலிருந்து இணையத்துக்கும் கடை பிரிண்டருக்கும் போக லிப்விர்ட் தரும் என்ஏடி (லினக்ஸின் முகவரி வழியாகவே போவது) போதும். பிரிண்டர் தானாகப் பட்டியலில் வராது, ஐபி முகவரியைக் கொடுத்துச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். எக்ஸ்பிக்கோ அதுவும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது 2014 ஏப்ரல் 8-இல். நண்பரின் எக்ஸ்பியிலிருந்து நெட்வொர்க் கார்டையே கழற்றிவிட்டேன்.

அப்படியானால் கோப்பை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டார். பென்டிரைவில்தான். அங்கேயும் ஒரு குழி உண்டு. பென்டிரைவைக் குத்தியதும் உபுண்டு அதைத் திறந்துவைத்துக்கொள்ளும். அப்படியே கெஸ்டுக்கும் ஒப்படைத்தால், லினக்ஸ் கடைசியாக எழுதிய கோப்பு பாதியில் அறுந்துபோகலாம். அதனால் முதலில் உபுண்டுவில் 'எஜெக்ட்', பிறகுதான் 'ரீடைரக்ட் யூஎஸ்பி'. அவர் இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். பழைய பத்திரிகை ஒன்றின் பின்பக்கம்தான் அந்தத் தாள்.