முந்திரி போடுகிறவர்கள் புத்தகம் தேடும்போது செய்யும் தவறுகள்

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் பழைய முந்திரி மரங்களை எடுத்துவிட்டு ஒட்டுக்கன்று வைக்கிறார்கள். வெளியூர் வேலையை விட்டுத் திரும்பும் பிள்ளைகள் பலர் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல புத்தகம் ஒண்ணு சொல்லுங்கண்ணே." ஒன்று போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

கையில் கிடைக்கும் தடித்த புத்தகம் பெரும்பாலும் மேற்குக் கடற்கரைக்காக எழுதியதாக இருக்கும். கர்நாடகத்துப் புத்தூரில் உள்ள முந்திரி ஆராய்ச்சி இயக்ககம் சொல்வதை ஒட்டுக்கட்டவும் கவாத்துக்கும் (கிளை வெட்டி விடுவது) தாராளமாக நம்பலாம். ஆனால் அங்கே ஜூனிலேயே மழை கொட்டிவிடும். நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை. அந்தப் பக்கத்து மாதக் கணக்கை அப்படியே எடுத்தால், இங்கே காய்ந்த மண்ணில் உரம் கிடக்கும். அதனால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்க் கையேட்டை முதலில் படியுங்கள். வி.ஆர்.ஐ. 3 என்ற முந்திரி ரகத்தைக் கொடுத்த விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஒரு நடை போய்க் கேளுங்கள். புத்தூர் அதற்கு அப்புறம்.

அடுத்தது உரக் கணக்கு. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், எங்கள் வீட்டிலும் நடந்தது. காய்க்கும் மரத்துக்கு வருடத்துக்கு 500:200:300 கிராம் என்று புத்தகத்தில் இருந்தது. சித்தப்பா அதில் பென்சிலால் கோடு போட்டு வைத்து, மரத்துக்கு அரைக் கிலோ யூரியா என்று நான்கு வருடம் போட்டார். புத்தகம் சொன்னது தழைச்சத்து 500, மணிச்சத்து 200, சாம்பல்சத்து 300 கிராம். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான், ஆக அவர் மரத்துக்குக் கொடுத்தது 230 கிராம். பாதிகூட இல்லை. அந்த 500 கிராமுக்கு யூரியா ஒரு கிலோ 90 கிராம் அளவுக்கு வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம், ஆகவே 200 கிராமுக்கு ஒன்றேகால் கிலோ. பொட்டாஷ் உரத்தில் சாம்பல்சத்து 60 சதவீதம், 300 கிராமுக்கு அரைக் கிலோ. இந்தக் கணக்கைப் புத்தகத்தின் ஓரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிலக் கணக்கும் அப்படித்தான். ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 200 கன்று என்று இருக்கும். நாம் பேசுவது காணி. 132 சென்ட் காணிக்கு ஏறக்குறைய 107 கன்றுதான் வரும். இது தெரியாமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்குபவர்கள், பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் மருந்துப் பகுதியைத் திறக்கவே கூடாது. அன்றைய புத்தகங்களில் தேயிலைக் கொசுவுக்கு (முந்திரித் தளிரில் சாறு உறிஞ்சும் பூச்சி) எண்டோசல்பான், கார்பரில் என்ற பூச்சிமருந்துகளை எழுதியிருப்பார்கள். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களைச் சுற்றியிருந்த ஜனங்கள் எண்டோசல்பானால் பட்ட பாடு நாடே அறிந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. கார்பரில் 2018-ல் தடையானது. பழைய புத்தகத்தில் மண், குழி, ஒட்டு பற்றிப் படிக்கலாம். மருந்துக்கு இன்றைய பரிந்துரையை மட்டும் கேளுங்கள்.

காற்றைப் பற்றியும் நம்மூர்க்காரர்களிடம்தான் விசாரிக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, தலைமுறையாக நின்ற முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எந்த மரம் சாய்ந்தது, எது நின்றது, எந்த மேட்டில் என்பதை அந்தத் தோப்புக்காரர்கள் இன்றைக்கும் காட்டுவார்கள். இளங்கன்றுக்கு முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள்.

சரி, புத்தகம் வாங்கியாயிற்று. அலமாரியில் வைக்காமல் தை மாதத்தில் தோப்புக்கு எடுத்துப் போங்கள். இளந்தளிரிலும் பூங்கொத்துக் காம்பிலும் பழுப்பாகக் குழிந்த கோடு, பக்கத்தில் பிசின் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், புத்தகத்தில் உள்ள படத்தை அந்தக் கிளையின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தேயிலைக் கொசு குத்திய இடம் அதுதான்.