ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்: புதிதாக ஆடுகிறவர்கள் சறுக்குகிற இடங்கள்

போன கிழமை கல்லடியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி போனும் கையுமாக மூலையில் குந்தியிருந்தான். "அண்ணா, எல்லாம் போச்சு" என்றான். அவன் கதையைச் சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது, ஏனென்றால் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இந்த இணைய ஆட்டத்தில் 2019இல் நானும் இப்படித்தான் சேர்த்த சாமான் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தேன். எப்படி அடிப்பது, எதைச் சாப்பிட்டால் உயிர் ஏறும் என்பதெல்லாம் ஆட ஆட வரும், அதை விடுவோம்.

வடக்கே கூட்டிப் போகிறவன்

வரைபடத்தின் வடக்கில் ஒரு அகழி ஓடும். அதைத் தாண்டினால் வைல்டர்னஸ், அங்கே ஆட்டக்காரரை ஆட்டக்காரரே கொல்லலாம். தாண்டும்போது எச்சரிக்கைத் திரை வரும். இனிமேல் காட்டாதே என்ற பெட்டியைத் தட்டிவிட்டுப் போனேன். தம்பியும் அதைத்தான் செய்திருக்கிறான்.

நான் மாதக்கணக்கில் மரம் வெட்டி, கட்டைகளை கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற ஆட்டச் சந்தையில் விற்று, நல்ல கவசம் போட வேண்டிய டிராகன் ஸ்லேயர் என்ற குவெஸ்டையும் (கதைப் பணி) முடித்து, ரூன் கவசம் முழுதாகப் போட்டிருந்த நேரம் அது. இரண்டு நாள் பக்கத்தில் நின்று மரம் வெட்டியபடி பேசிக்கொண்டிருந்த ஒருவன், வடக்கே நல்ல சாமான் விழுகிற இடம் இருக்கிறது, வா என்றான். போகப் போகத் திரையில் வைல்டர்னஸ் லெவல் ஏறியது: 5, 12, 23. அந்த எண்ணைப் பார்க்கப் பழகுங்கள். 12 என்றால் உங்கள் சண்டை லெவலுக்கு 12 கூடவோ குறையவோ உள்ள எவரும் உங்களை அடிக்கலாம். 20ஐத் தாண்டினால், சட்டென்று வேறிடம் தாவ உதவும் சாதாரண டெலிபோர்ட் மந்திரம் வேலை செய்யாது.

23இல் நின்று, என்னைச் சும்மா ஒரு அடி அடித்துப் பார் என்றான். அடித்தேன். என் தலைக்கு மேல் மண்டையோடு வந்தது. வழக்கமாகச் செத்தால் விலை கூடிய 3 பொருட்கள் தங்கும், ஆனால் முதலில் கை வைத்து மண்டையோடு வாங்கியவனுக்கு ஒன்றும் தங்காது (ப்ரொடெக்ட் ஐட்டம் பிரார்த்தனை போட்டிருந்தால் ஒன்று மிஞ்சும், எனக்கு அது அப்போது தெரியாது). செத்தவர்கள் திரும்ப எழும்பும் ஊரான லம்பிரிட்ஜில் வெறும் பையோடு எழும்பினேன். அவன் அந்த இரண்டு நாளும் சிரித்துப் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அகழி தாண்டுவதென்றால் பெறுமதியான எல்லாவற்றையும் வங்கியில் வையுங்கள். நாளைக்கே திரும்ப வாங்கக்கூடியதை மட்டும் போடுங்கள். நல்ல கவசத்தோடு வா என்று கேட்கிறவனோடு போகவே வேண்டாம்.

கவசத்துக்குக் கரை போட்டுத் தருகிறவன்

கவசத்தைத் தா, ஓரத்தில் அலங்காரக் கரை போட்டுத் தருகிறேன் என்கிறவன் கள்ளன். அப்படியொரு திறமை ஆட்டத்திலேயே இல்லை.

காசு கொடுத்துத் தங்கம் வாங்குவது

வேண்டாம். கணக்கையே பூட்டிவிடுவார்கள்.

மழைக்காலத்துச் சண்டை

கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். சண்டை நடுவில் இணைப்பு அறுந்தால் உங்கள் ஆள் உடனே மறைய மாட்டான், நின்ற இடத்திலேயே அடி வாங்குவான். வைல்டர்னஸுக்கு வெளியே செத்தால் உங்கள் சாமான் கிடக்கும் கல்லறை 15 நிமிடம் இருக்கும், டேட்டாவைப் போட்டு ஓடிப் போய் எடுத்துக்கொள்ளலாம். இடி இடிக்கும்போது பெரிய சண்டைக்குப் போகாமல் மீன் பிடியுங்கள், அல்லது மரம் வெட்டுங்கள்.

99 மோகம்

மரம் வெட்டுவது போன்ற ஒரு திறமையில் உச்ச லெவலான 99ஐத் தொட 13,034,431 அனுபவப் புள்ளி வேண்டும், 92ஆம் லெவலில்தான் பாதி வழி. சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வருஷத்தில் இதைத் தொடங்காதீர்கள்.

சரி, தம்பியின் கதைக்கு வருகிறேன். லம்பிரிட்ஜில் டூம்சேயர் என்று ஒரு கிழவர் நிற்பார், நிறுத்திவைத்த எச்சரிக்கைகளை அவரிடம் போய்த் திரும்பப் போடலாம். அன்று பின்னேரம் அவனை முதலில் அவரிடம்தான் கூட்டிப் போனேன், அப்புறம்தான் கோடரி வாங்கினோம்.