அலுமினிய சைக்கிள் ஃபிரேமை உரித்து மெருகேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரும்பு ஃபிரேமில் காஸ்டிக் சோடா பெயின்டை மட்டும் தின்னும். கம்பி பிரஷ் துருவை மட்டும் எடுக்கும். சூடு மிஞ்சினால் உலோகம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இப்படிப் பழகிய கை அதே தைரியத்தோடு அலுமினியத்தைத் தொட்டால் ஃபிரேமையே இழக்க நேரும். இங்கே சொல்லப்படும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கத்தில் இருந்து வருபவைதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் உரிப்பது

பெயின்டுக்கு அடியில் எப்போதும் பளபளப்பு காத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். வெல்டிங் தடமே தெரியாத வழவழப்பான இணைப்புகளில் சில, பட்டி பார்த்து மூடப்பட்டவை. உரித்ததும் வெள்ளியின் நடுவே சாம்பல் திட்டுகள் தெரியும்; அதை எந்தப் பாலிஷும் மறைக்காது. அதனால் முதலில் பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் கூட்டின் அடிப்பக்கம், வெல்டிங்கை ஒட்டி, ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு உரித்துப் பாருங்கள். பட்டி தெரிந்தால் வெறும் உலோகத் தோற்றத்தை மறந்துவிட்டு மறுபடி பெயின்ட் அடிப்பதே புத்திசாலித்தனம்.

பின்பக்கக் குழாய்கள் கார்பனா என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள். பெயின்ட் ரிமூவர் கார்பனைப் பிடித்திருக்கும் பிசினையும் கரைக்கும். குழாய்களைப் பசை போட்டு இணைத்த பழைய ஃபிரேம்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வண்ணம் ரிமூவருக்குக் கொஞ்சமும் அசையவில்லை என்றால் அது பெயின்டே அல்ல, அனோடைசிங்காக இருக்கலாம். அது உலோகத்தின் மேல்தோலாகவே வளர்ந்த ஆக்சைடு. வீட்டில் உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதே பாதுகாப்பு.

பாகங்களை விட்டுவைத்து வேலையைத் தொடங்குவது

ஹேண்டில் சுழலும் ஹெட்செட்டின் கிண்ணங்கள், பாட்டம் பிராக்கெட், பின் கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர், கேபிள் வழிகாட்டிகள், பாட்டில் திருகுகள் எல்லாம் வெளியே வர வேண்டும். பாட்டம் பிராக்கெட்டில் பி.எஸ்.ஏ. என்ற அளவு முறை மரை உள்ள ஃபிரேமில் செயின் பக்கத்துக் கிண்ணம் இடது மரை. அதைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் பலம் கொடுத்து மரையைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஃபிரேமை வைஸிலோ ஸ்டாண்டிலோ பிடிக்கும்போது குழாயைக் கவ்வ வேண்டாம். நடுப்பகுதியில் சுவர் 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருக்கும், இறுக்கினால் நசுங்கும். பழைய சீட் போஸ்ட் ஒன்றைச் செருகி அதைக் கவ்வுங்கள்.

காஸ்டிக் கலந்த எதையும் தடவுவது

காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தைக் கரைத்து, அடியில் இருக்கும் உலோகத்தையும் தின்னத் தொடங்கும். அப்போது நுரைத்துக்கொண்டு வெளியேறுவது ஹைட்ரஜன் வாயு. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அடைப்பு நீக்கும் பொடி, பல அவன் கிளீனர்கள், சில பெயின்ட் ரிமூவர்கள் இந்த வகை. டப்பாவில் 'அலுமினியத்தில் பயன்படுத்த வேண்டாம்' என்று இருந்தால், அது கம்பெனிக்காரரின் வழக்கமான பயமுறுத்தல் அல்ல. மெல்லிய குழாயில் குழிகள் விழுந்துவிட்டால் பாலிஷ் செய்து திரும்பப் பெற முடியாது.

பென்சைல் ஆல்கஹால் வகை ஜெல் ரிமூவர் பாதுகாப்பானது, ஆனால் மெதுவானது. தடிமனாகப் பூசி, காயாமல் பிளாஸ்டிக் தாள் சுற்றிச் சில மணி நேரம் விட வேண்டும். பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவி அடுப்பில் சுட்டு ஒட்டவைத்த பூச்சு) என்றால் இரண்டு மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டிவரும். பொறுமையிழந்து இரும்புத் தகட்டால் சுரண்டாதீர்கள். பிளாஸ்டிக் சுரண்டியே போதும்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் செயின் ஸ்டே, சீட் ஸ்டே குழாய்களில் வெல்டிங் சூட்டுக்காற்று வெளியேறச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். ரிமூவர் அதன் வழியே உள்ளே போய்த் தங்கிவிடும். சில வாரம் கழித்துப் புதுப் பூச்சு அந்த இடத்தில் கொப்புளிக்கும். உரிக்கும் முன் துளைகளை அடைத்துவிடுங்கள். முடித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஃபிரேமைத் திருப்பித் திருப்பி வடித்து, காற்றடித்து உலர்த்துங்கள்.

சூட்டை நம்புவது

6061 என்ற அலுமினியக் கலவையின் வலிமை, தொழிற்சாலையில் ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்துப் பக்குவப்படுத்தியதால் வந்தது. அந்தப் பக்குவத்தைக் கலைக்கும் சூட்டுக்கு உலோகம் எந்த அடையாளமும் காட்டாது. சிவக்காது, நீலம் பாயாது. ஹீட் கன்னின் வாயில் 500 டிகிரிக்கு மேல் வரும். அதை ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தால் அந்த இடம் மென்மையாகிப்போகும். டார்ச் என்றால் கேட்கவே வேண்டாம்.

பவுடர் கோட்டிங் அடுப்பின் 180 முதல் 200 டிகிரி, 10 முதல் 20 நிமிடம் என்ற அளவு ஃபிரேமுக்குத் தாங்கும். பழைய பவுடரைச் 'சுட்டு எடுக்கும்' அடுப்பு வேறு சமாச்சாரம்; அதன் சூடு 350 டிகிரியைத் தாண்டும். வேலையை வெளியே கொடுப்பதாக இருந்தால், எப்படி உரிப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மணல் வீச்சு என்றாலும் கண்ணாடி மணியோ பிளாஸ்டிக் துகளோ, குறைந்த அழுத்தத்தில் மட்டும்.

இரும்பு நாரும் கம்பி பிரஷும்

அவற்றில் இருந்து உடையும் இரும்புத் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, சில நாளில் பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். நைலான் பேட் பயன்படுத்துங்கள். அலுமினியத் தூசி எரியக்கூடியது; அதோடு துருத்தூள் சேர்ந்தால் ஒரு பொறியில் கடும் சூட்டோடு எரியும். இரும்பு தேய்த்த அதே சக்கரத்தில், அதே மூலையில் அலுமினியம் தேய்க்காதீர்கள். ஈரமாகத் தேய்த்த சகதியையும் இறுக மூடிய டப்பாவில் வைக்க வேண்டாம். அது மெல்ல ஹைட்ரஜனை விடும்.

வெல்டிங்கைச் சமமாக்கும் ஆசை

இதுதான் எல்லாவற்றிலும் மோசம். அடுக்கடுக்காக மீன் செதில் போல் தெரியும் அந்தத் தடம், இணைப்பின் வலிமையின் ஒரு பகுதி. அழகுக்காக கிரைண்டரில் மட்டம் செய்தால், சுமை அதிகம் விழும் இடத்தில் உலோகத்தைக் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள். எவ்வளவு சிறிய சுமையானாலும் திரும்பத் திரும்ப விழுந்தால் அலுமினியம் களைத்துக்கொண்டே போகும். இரும்பைப் போல 'இதற்குக் கீழே கவலையில்லை' என்ற எல்லை அதற்குக் கிடையாது. குழாயின் குறுக்கே போன ஒரு ஆழக் கீறல், விரிசலுக்குப் போட்டுக்கொடுத்த பாதை. முன்பக்கம் ஹேண்டில் பொருந்தும் ஹெட் டியூபை ஒட்டிய பகுதியும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றிய பகுதியும் இதில் மிக நுட்பமானவை.

ஆகவே 80 எண் உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். பெயின்டின் மிச்சத்துக்கு 180 அல்லது 220. பிறகு 320, 400, 600 என்று தண்ணீர் தொட்டுப் போங்கள். எண்களைத் தாண்டிக் குதித்தால் பழைய கீறல் பாலிஷ் செய்யும்போதுதான் தெரியவரும், மறுபடி முதலில் இருந்து. கடைசித் தேய்ப்பு குழாயின் நீளவாக்கில் இருக்கட்டும். பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியிலுள்ள தொடர் எண் பக்கம் போகாதீர்கள். அது அழிந்தால் சைக்கிள் உங்களுடையது என்று காட்டுவதே சிரமம்.

உரித்த ஃபிரேமில் விரிசல் தேட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வெல்டிங்கின் ஓரத்தில் துடைத்தபின்னும் கருப்பு ஊறிவரும் மெல்லிய கோடு இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

பாலிஷ் செய்த முகத்தில் கிளியர் கோட்

கண்ணாடியாகப் பளபளக்க வைத்து, அதன்மேல் நிறமற்ற கிளியர் பூச்சை அடித்துப் பூட்டிவிடலாம் என்று தோன்றும். வழவழப்பில் பூச்சுக்குப் பிடிமானம் இல்லை. கல் பட்ட ஒரு சிறு சிராய்ப்பில் ஈரமும் உப்பும் நுழைந்து, பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல நெளிநெளியாக அரிப்பு ஓடும். கிளியர் வேண்டும் என்றால் 400 அல்லது 600-இல் நிறுத்தி, சாட்டின் தோற்றத்தோடு சமாதானமாகுங்கள்.

பூசும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அதற்குப்பின் வெறுங்கை படக்கூடாது. தண்ணீர் தெளித்துப் பார்ப்பது நல்ல சோதனை: துளித்துளியாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, படலமாகப் பரவினால் சுத்தம். தேய்த்த அன்றே பூசிவிடுங்கள். மெல்லிய பூச்சாக மூன்று முறை, நடுவே 10 முதல் 15 நிமிட இடைவெளி. கடினமாக்கி கலந்த இரட்டைக் கூறு கிளியர் நன்றாக உழைக்கும், ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு விஷம். தூசி முகமூடி இதற்குப் பயன்படாது. பாதுகாப்பு வசதி உள்ள பட்டறையிடம் விடுவதே மேல்.

மறுபடி வண்ணம் அடிப்பவர்கள் எட்ச் பிரைமர்மேல் நேரடியாக எபாக்ஸி பிரைமரைப் பூசிவிடுகிறார்கள். முன்னதன் அமிலம் பின்னதை இறுகவிடாமல் கெடுக்கும். இரண்டில் ஒன்று போதும்.

கிளியரே இல்லாமல் விடுவதும் நல்ல வழிதான். அலுமினியம் இரும்பு போலத் துருப்பிடித்து உதிராது. மங்கும், வியர்வையும் உப்பும் பட்ட இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். மாதம் ஒருமுறை மெழுகு தடவத் தயாராக இருப்பவர்களுக்கு இதுவே சரி. பாலிஷ் துணி கருப்பாவதை அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். அந்தக் கருப்பில் அலுமினியமும் கலந்து வருவதால் அது தீராது.

அனோடைசிங் கொடுக்க நினைத்தால், உள்ளே இரும்பு இன்சர்ட் ஒன்றும் இருக்கக் கூடாது. அமிலத் தொட்டி அதைத் தின்றுவிடும். வெல்டிங்குக்கு 4043 என்ற வகைக் கம்பி பயன்படுத்தியிருந்தால், அதிலுள்ள சிலிக்கானால் தடங்கள் மட்டும் கருஞ்சாம்பலாகும்.

மறைப்பு ஒட்டாமல் பூசுவதும் கிரீஸ் இல்லாமல் பூட்டுவதும்

பவுடர் கோட்டிங் 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். ஹெட்செட் அமரும் இடம், பாட்டம் பிராக்கெட் மரை, சீட் டியூபின் உட்புறம், டிஸ்க் பிரேக் முகம், ஹேங்கர் அமரும் முகம் ஆகியவற்றில் அது ஏறினால் எதுவும் சரியாக உட்காராது. மரைகளில் பழைய திருகைச் செருகி மூடுவதே எளிய வழி. பூச்சு இறுக ஒரு வாரம் விட்டு, பிறகு கிளாம்புகளை மாட்டுங்கள். இரும்புத் திருகுகள் ஒவ்வொன்றுக்கும், அலுமினிய சீட் போஸ்டுக்கும் கிரீஸ். கார்பன் சீட் போஸ்ட் என்றால் கிரீஸுக்குப் பதில் கார்பன் பேஸ்ட். கேபிள் உரசும் இடங்களில் ஒளிபுகும் ஒட்டுப்படலம் ஒரு துண்டு ஒட்டுங்கள்; கேபிள் உறை மணல் ஒட்டிய அரம் போல அலுமினியத்தை அறுக்கும்.