பிரம்பு நாற்காலியை நீங்களே பின்னலாம்

பழைய தேக்கு நாற்காலியின் இருக்கை கிழிந்துபோனால் பல வீடுகளில் அதன் மேல் ஒரு பிளைவுட் பலகையை வைத்து ஆணி அடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் ஒயரைச் சுற்றிவிடுகிறார்கள். எதைப் பார்த்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை. இருக்கையின் சட்டத்தைச் சுற்றி வரிசையாக ஓட்டைகள் இருந்தால் அது பிரம்பு பின்னுவதற்கென்றே செய்த நாற்காலி. அந்தப் பின்னலை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நீங்களே போடலாம். தறி வேண்டாம், மெஷின் வேண்டாம். பொறுமையும் ஒரு வாளித் தண்ணீரும் போதும்.

சட்டத்தில் ஓட்டைகளுக்குப் பதிலாகச் சுற்றிலும் ஒரு காடி, அதாவது நீளமான பள்ளம், மட்டும் ஓடினால், அது ரெடிமேடாகப் பின்னி வரும் பிரம்பு வலையை உள்ளே அழுத்திப் பசை வைக்கிற வகை. அந்த வேலையே வேறு. நான் இங்கே சொல்வது ஓட்டை வழியாகக் கையால் பின்னுவது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த மாஸ்டருக்குக் கண் தெரியாது. பார்வையற்றோருக்கான பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் நாற்காலி பின்னுவதைத் தொழிலாகச் சொல்லிக்கொடுப்பது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். அரசு அலுவலகங்களில் நாம் பார்த்த பிரம்பு நாற்காலிகளில் பல அவர்களுடைய கைவேலைதான். மாஸ்டர் எதையும் "பார்" என்று சொன்னதில்லை. "தொட்டுப் பாரு பாப்பா" என்பார். அதனால் இதில் வரும் சோதனைகள் எல்லாமே விரலால் செய்கிற சோதனைகள். கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் அவைதான் நம்பகமானவை.

முதலில் நாரைப் பற்றி. பிரம்பு பனைக் குடும்பத்துக் கொடி. மூங்கில் உள்ளே பொள்ளல், பிரம்பு உள்ளே கெட்டி. அதன் பளபளப்பான மேல்தோலை நீளவாக்கில் சீவி எடுத்ததுதான் நாற்காலி பின்னும் நார். உள்ளிருக்கும் சோறு, அதாவது தோல் நீக்கிய உள்தண்டு, கூடைக்கும் தட்டுக்கும் போகும். எங்கள் பக்கம் சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தைக்கால் என்ற ஊரில் சாலையோரம் முழுக்கப் பிரம்புக் கடைகள்தான். ஊஞ்சல், சோபா, கூடை எல்லாம் வாசலில் தொங்கும். அங்கே கேட்டால் நார் கிடைக்கும், இல்லாவிட்டாலும் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். வேறு ஊர்க்காரர்கள் பிரம்பு மரச்சாமான் செய்கிற கடையில் "நாற்காலி பின்ற நார்" என்று கேளுங்கள்.

என்ன அகலம் வாங்குவது என்பதை ஓட்டைதான் சொல்லும். அடுத்தடுத்த ஓட்டைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அரை அங்குலம் இருந்தால் 2.25 மில்லிமீட்டர் நார். முக்கால் அங்குலம் இருந்தால் 3 மில்லிமீட்டர். அகல நாரை நெருக்கமான ஓட்டையில் திணித்தால் கடைசி இரண்டு வரிசைக்கு ஓட்டையில் இடமே இருக்காது. 15 அங்குலச் சதுர இருக்கைக்கு, அரை அங்குல இடைவெளியில், ஏறக்குறைய 300 அடி நார் செலவாகும். கரை கட்ட இதைவிட அகலமான நார், 5 மில்லிமீட்டர் அளவில், இருக்கையைச் சுற்றி ஒரு சுற்று வரும் அளவுக்குத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும்போதே ஒரு இழையை எடுத்து வளைத்துப் பாருங்கள். பழைய சரக்கு பட்டென்று ஒடியும், இல்லை தோல் உரியும். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து இழை நெடுக உருவுங்கள். கணு இருக்கும் இடத்தில் ஒரு பக்கமாக உருவினால் வழுக்கும், எதிர்ப்பக்கமாக உருவினால் நகத்தில் தட்டும். வழுக்குகிற திசையில்தான் நாரை எப்போதும் இழுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பின்னினால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கணு மற்ற இழைகளை அறுத்துக்கொண்டே வரும். ஒவ்வொரு புது இழையை எடுக்கும்போதும் இந்த உருவலை மறக்காதீர்கள்.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. பழைய நாரை வெட்டி எடுக்க ஒரு கத்தி, ஓட்டையைச் சுத்தம் செய்யவும் இழையைத் தூக்கிவிடவும் ஒரு குத்தூசி, ஒரு கட்டிங் பிளேயர். இவற்றோடு ஒரு முனை கூரான சின்னச் சின்ன ஆப்புகள், இருபது முப்பது. மூங்கில் குச்சியில் நீங்களே சீவிக்கொள்ளலாம். நாரின் நுனி நழுவாமல் ஓட்டையில் பிடித்து வைக்க இவைதான் உதவும்.

பழைய பின்னலை வெட்டிய பிறகு ஒவ்வொரு ஓட்டையையும் குத்தூசியால் கிண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஓட்டையின் விளிம்பு கூராக இருந்தால் உப்புத்தாளால் மழுக்குங்கள், இல்லையென்றால் நார் அங்கேயே அறும். சட்டம் ஆடினாலோ விரிசல் விட்டிருந்தாலோ ஆசாரியிடம் காட்டிச் சரிசெய்துவிட்டுத்தான் பின்னலில் கை வைக்க வேண்டும். பாலிஷ் போடுவதும் இப்போதே. பின்னிய பிறகு போட்டால் நாரெல்லாம் கறையாகும்.

நாரை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். இரவு முழுக்கப் போட்டு வைத்தால் நிறம் மங்கி, பலமும் போய்விடும். ஒரு நேரத்தில் நாலைந்து இழை ஊறினால் போதும். எடுத்ததை ஈரத் துண்டில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். சித்திரை வெயிலில் பின்னுகிறவர்கள் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து அவ்வப்போது தொட்டுத் தடவிக்கொள்ள வேண்டும்.

இப்போது பின்னல். மொத்தம் ஆறு அடுக்கு, அதன் மேல் கரை. நெசவுக்காரர்கள் சொல்வதைப் போலவே, பின்சட்டத்திலிருந்து முன்சட்டத்துக்கு ஓடுவதைப் பாவு என்றும், இடமிருந்து வலம் ஓடுவதை ஊடு என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் அடுக்கு பாவு. பின்சட்டத்தின் நடு ஓட்டையையும் முன்சட்டத்தின் நடு ஓட்டையையும் எண்ணிக் கண்டுபிடித்து ஆப்பால் அடையாளம் வையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் கோணலாகிவிடும். நாரின் நுனியை நாலு அங்குலம் கீழே தொங்கவிட்டு, பின் நடு ஓட்டையில் ஆப்பு அடித்து, பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி முன் நடு ஓட்டைக்குள் விடுங்கள். கீழே இழுத்து, பக்கத்து ஓட்டை வழியாக மேலே கொண்டுவந்து மறுபடி பின்னால் போங்கள். இப்படியே ஒரு பக்கம் முடித்து, அப்புறம் மறுபக்கம். மூலை ஓட்டைகளை மட்டும் காலியாக விடுங்கள். பெரும்பாலான நாற்காலிகளில் முன்பக்கம் பின்பக்கத்தை விட அகலம். முன்னால் மிஞ்சுகிற ஓட்டைகளிலிருந்து வரும் இழைகளைப் பக்கச் சட்டத்தில், கோடு நேராக விழுகிற ஓட்டையில் இறக்குங்கள். இதற்காகச் சில ஓட்டைகளைத் தாண்ட வேண்டி வந்தால் தாண்டலாம்.

எவ்வளவு இறுக்குவது என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். உள்ளங்கையால் அழுத்தினால் லேசாக இறங்கி உடனே மேலே வர வேண்டும். வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றால் தப்பு. மேலே இன்னும் ஐந்து அடுக்கு வரப்போகிறது, அவை ஒவ்வொன்றும் கொஞ்சம் தளர்வைத் தின்றுவிடும். நார் காயும்போதும் இன்னும் இறுகும். "இழுக்காத பாப்பா, அதுவா வரும்" என்று மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துச் சொல்வார்.

இரண்டாவது அடுக்கு ஊடு. இதில் பின்னலே இல்லை, பாவுக்கு மேலாக அப்படியே படுத்துப் போகும். மூன்றாவது மறுபடியும் பாவு, அதே ஓட்டைகளில், ஊடுக்கு மேலே. முதல் பாவுக்குச் சரியாக மேலே உட்காராமல் அதன் வலப்பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கி இருக்கட்டும்.

நாலாவது அடுக்கில்தான் உண்மையான பின்னல் ஆரம்பிக்கிறது. இரண்டாவது ஊடு இது. முதல் ஊடுக்கு முன்னால், முன்சட்டத்தை ஒட்டிய பக்கமாக, இழையை விடுங்கள். முதல் பாவுக்குக் கீழே, மூன்றாம் அடுக்குப் பாவுக்கு மேலே, மறுபடி கீழே, மேலே. ஐந்தாறு ஜோடி கோத்ததும் இழையை மெதுவாக முழுதும் இழுங்கள். முதலிலேயே இழுத்தால் நார் முறுக்கிக்கொள்ளும். ஒரு விரலை இழையின் அடியில் வைத்துக்கொண்டே இழுத்தால் புரளாமல் தட்டையாக வரும். இந்த அடுக்கு முடிந்ததும் அதுவரை தனித்தனியாகக் கிடந்த இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கையை வைத்துப் பார்த்தால் அந்தப் பிடிப்பு தெரியும்.

இங்கே நிறுத்துங்கள். ஈரத்துணியால் முழுவதையும் துடைத்து, இரண்டு ஆப்புகளை எடுத்து, ஜோடி ஜோடியாக இழைகளைச் சேர்த்துத் தள்ளுங்கள். நடுவே தெரியும் கண்கள் எல்லாம் சதுரமாக வர வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதில் அவசரப்பட்டால் மூலைவாட்டு இழைகள் நெளிந்துதான் ஓடும்.

ஐந்தும் ஆறும் மூலைவாட்டு. ஒரு சாய்வு பாவு ஜோடிகளுக்கு மேலேயும் ஊடு ஜோடிகளுக்குக் கீழேயும் போகும். எதிர்ச்சாய்வு இதற்கு நேர்மாறு. எந்த மூலையிலிருந்து தொடங்குகிற சாய்வு எது என்பது முதல் நாலு கண்ணிலேயே விரலுக்குத் தெரிந்துவிடும். பாதை சரி என்றால் இழை சதுரத்தின் மூலைக்குள் வழுக்கிப் போய்த் தானாக உட்காரும். தப்பு என்றால் ஜோடியின் விளிம்பில் உரசிக்கொண்டே வரும், இழுக்கும்போது கரகரக்கும். அப்படிக் கரகரத்தால் உடனே உருவிவிட்டு மேல் கீழை மாற்றுங்கள். இதுவரை காலியாக இருந்த மூலை ஓட்டைகளில்தான் மூலைவாட்டுகள் தொடங்கும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு மூலை ஓட்டைக்கு இரண்டு இழை இறங்கும். ஆறாவது முடிந்ததும் சதுரங்கள் எல்லாம் எட்டுப் பட்டைக் கண்களாக மாறியிருக்கும். பிரம்பு நாற்காலி என்றதும் நம் கண்ணுக்குள் வருகிற உருவம் அதுதான்.

நுனிகளை அவ்வப்போது கீழ்ப்பக்கம் முடிந்துவிடுங்கள். தொங்கும் நுனியை நனைத்து, பக்கத்து ஓட்டைகளுக்கிடையே ஓடும் இழைக்கு அடியில் நுழைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, அரை அங்குலம் விட்டு வெட்டினால் போதும். காய்ந்த நாரில் முடிச்சுப் போட்டால் ஒடியும்.

கடைசியாகக் கரை. அகல நாரை ஓட்டைகளின் மேல் படுக்கவைத்து, மெல்லிய நாரைக் கீழிருந்து ஒரு ஓட்டை வழியாக மேலே கொண்டுவந்து, அகல நாரைத் தாண்டி அதே ஓட்டைக்குள் இறக்குங்கள். அப்புறம் அடுத்த ஓட்டை. ஓட்டைகள் நெருக்கமாக இருந்தால் ஒன்று விட்டு ஒன்று போதும். மூலையில் அகல நார் மடங்கி உடையும் என்று தோன்றினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் துண்டாகப் போடுங்கள்.

மேலே பிசிறு நிற்கும். ஈரமாக இருக்கும்போதே ஒரு சின்னச் சுடரை வேகமாக ஓட்டினால் பொசுங்கிவிடும். ஓரிடத்தில் சுடரை நிறுத்தாதீர்கள். முழுக்கக் காய இரண்டு நாள் நிழலில் வையுங்கள், அதுவரை யாரையும் உட்காரவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. காயாமல் பூஞ்சை பிடித்து நாரில் கரும்புள்ளி விழும்.

வார்னிஷ் அடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். பிரம்பு அவ்வப்போது ஈரம் குடித்தால்தான் வளையும், முழுக்க உலர்ந்தால் ஒடியும். வெயில் காலத்தில் மாதம் ஒரு முறை அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள். மேற்பக்கம் வழவழப்பானது, அவ்வளவாக ஈரம் இழுக்காது, அதனால்தான் அடியிலிருந்து. இருக்கை தொய்ந்துவிட்டாலும் இதே வைத்தியம்: நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் பிழிந்த துண்டை அடிப்பக்கம் அரை மணி நேரம் போட்டு வைத்து, இரவு முழுக்க நிழலில் காயவிடுங்கள். காலையில் இறுகியிருக்கும். அதன் மேல் முழங்காலை ஊன்றிப் பரண் சாமானை எடுக்கிறவர்களைத் தடுங்கள். பரவலான பாரத்தை நன்றாகவே தாங்கும், ஒரே புள்ளியில் விழும் பாரத்தைத் தாங்காது.

முதல் வேலைக்குத் தாத்தாவின் சாய்வு நாற்காலியை எடுக்காதீர்கள். அது முதுகும் இருக்கையும் ஒரே நீளமாக வளைந்து ஓடும், வளைவில் இழையைச் சமமாக இறுக்கக் கை பழகியிருக்க வேண்டும். நாலு பக்கமும் சமமான ஒரு முக்காலியோ சின்ன நாற்காலியோ பார்த்துத் தொடங்குங்கள். பழைய மரச்சாமான் கடையில் இருக்கை இல்லாமல் வெறும் சட்டமாகக் கிடப்பது ஒன்றாவது அகப்படும்.