சாக்ரடீஸைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாக்ரடீஸ் என்றதும் நம்மில் பலருக்குக் கண்ணில் வருவது சிவாஜி கணேசன்தான். 1956-இல் வந்த ‘ராஜா ராணி’ படத்துக்குள் வரும் ஓரங்க நாடகம், கருணாநிதியின் வசனம், கையில் விஷக் கோப்பை. நாடகமாக அது அருமை. ஆனால் அதையே வரலாறாக எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கேதான் சிக்கல்.

ஏதென்ஸ் நகரத்தின் கிரேக்கத் தத்துவஞானியான சாக்ரடீஸ் நூல் எதுவும் எழுதவில்லை. சிறையில் இருந்த நாட்களில் ஈசாப் கதைகள் சிலவற்றைச் செய்யுளாக்கினார், அப்போலோ தெய்வத்துக்கு ஒரு துதிப்பாடலும் இயற்றினார் என்று அவருடைய சீடர் பிளேட்டோ சொல்கிறார். அவ்வளவுதான். நமக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் எழுதியது. அரிஸ்டோஃபனிஸ் என்ற நகைச்சுவை நாடகாசிரியர் கி.மு. 423-இல் அவரை மேடையில் வைத்துக் கேலி செய்தார். சாக்ரடீஸ் உயிரோடிருந்தபோதே எழுதப்பட்ட சித்திரம் அது. பிளேட்டோ அவரைவிட நாற்பது வயதுக்கு மேல் இளையவர். இன்னொரு சீடரான செனபோன், வழக்கு நடந்த சமயத்தில் ஏதென்ஸிலேயே இல்லை; பாரசீகப் படையெடுப்பு ஒன்றில் கூலிப்படையோடு போயிருந்தார். அரிஸ்டாட்டிலோ சாக்ரடீஸ் இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர். “சாக்ரடீஸின் மாணவர்கள் பிளேட்டோ, அரிஸ்டாட்டில்” என்று ஒரே மூச்சில் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆகவே “சாக்ரடீஸ் சொன்னார்” என்று எதைப் படித்தாலும், யார் எழுதி வைத்தது என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘மூன்று வடிகட்டி’ கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் வம்பு பேச வருகிறார். அது உண்மையா, நல்லதா, பயனுள்ளதா என்று சாக்ரடீஸ் மடக்குகிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பழைய கிரேக்க நூல் எதிலும் அது இல்லை. “நல்ல மனைவி அமைந்தால் மகிழ்ச்சி, இல்லையென்றால் தத்துவஞானி ஆவாய்” என்பதும் அப்படித்தான். “இன்றைய இளைஞர்கள் பெரியவர்களை மதிப்பதில்லை” என்று அவர் புலம்பியதாக வரும் வரிகள், 1907-இல் அச்சான ஓர் ஆங்கில ஆய்வு நூலின் ஆசிரியர் பழங்காலக் குறைகூறல்களைத் தன் சொற்களில் தொகுத்து எழுதியவை. ‘உன்னையே நீ அறிவாய்’ என்பதும் அவருடைய சொந்த வாக்கியம் அல்ல. டெல்ஃபியில் அப்போலோ கோயிலில் பொறிக்கப்பட்டிருந்த வாசகம் அது. அவர் அதை அடிக்கடி எடுத்துப் பேசினார், சரி.

மனைவி ஸாந்திப்பி பாவம். திட்டிவிட்டுத் தலையில் தண்ணீரைக் கொட்டினாள், “இடி இடித்தால் மழை வருமே” என்றார் சாக்ரடீஸ் என்ற கதை, அவர் இறந்து சுமார் அறுநூறு ஆண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட நூலிலிருந்து வருகிறது. அவள் கோபக்காரி என்ற பேச்சு செனபோனிடமும் இருக்கிறது. ஆனால் அதே செனபோன்தான், மூத்த மகன் அம்மாவைப் பற்றிக் குறை சொன்னபோது சாக்ரடீஸ் அவளுக்காகப் பரிந்து பேசியதையும் எழுதுகிறார். அது ஏனோ எந்த மேடைக்கும் வருவதில்லை.

இப்போது பெரிய தவறுக்கு வருவோம். “கொடுங்கோல் மன்னன் சாக்ரடீஸைக் கொன்றான்” என்று சொல்லாதீர்கள். கி.மு. 399-இல் ஏதென்ஸில் மன்னன் கிடையாது. தீர்ப்புச் சொன்னவர்கள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்ட சுமார் 500 சாதாரணக் குடிமக்கள். அரசு வழக்கறிஞர் என்றும் யாரும் இல்லை. மெலிட்டஸ் என்பவர் வழக்குப் போட்டார். அனிட்டஸும் லைகோனும் கூட நின்றார்கள். நகரம் ஏற்கும் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வீகங்களைப் புகுத்துகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள். விசாரணை, வாக்கெடுப்பு, தண்டனை எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. இன்னும் முப்பது பேர் மாற்றி வாக்களித்திருந்தால் விடுதலை ஆகியிருப்பேன் என்று சாக்ரடீஸே சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். அதாவது ஏறக்குறைய 280-க்கு 220. மக்கள் எல்லோரும் அவரை வெறுத்தார்கள் என்பதும் தவறு என்று இந்த எண்ணிக்கையே காட்டிவிடுகிறது.

சட்டப்படி அடுத்து இரு தரப்பும் ஆளுக்கொரு தண்டனையை முன்வைக்க வேண்டும். நீதிமன்றம் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், நடுவில் மூன்றாவது கிடையாது. மெலிட்டஸ் மரண தண்டனை கேட்டார். சாக்ரடீஸ் நாடு கடத்தலைக் கேட்டிருந்தால் அநேகமாகத் தப்பியிருப்பார். அவரோ, ஒலிம்பிக்கில் வென்றவர்களுக்குப் போடுவதுபோல எனக்கும் அரசு செலவில் சாப்பாடு போடுங்கள் என்றார்! அப்புறம் ஒரு மினா (அன்றைய கிரேக்கப் பணக் கணக்கில் 100 டிராக்மா) அபராதம் கட்டுகிறேன் என்றார். இதை வெறும் நையாண்டி என்று தள்ளிவிட முடியாது. தன் சொத்து முழுவதையும் விற்றால் ஐந்து மினா தேறும் என்று அவர் பேசுவதாகச் செனபோன் எழுதுகிறார். கடைசியில் பிளேட்டோவும் கிரீட்டோவும் இன்னும் இரண்டு நண்பர்களும் ஜாமீன் நிற்க, தொகை 30 மினாவானது. கைத்தொழில் தெரிந்த ஒருவருக்கு அன்று நாள் கூலி ஒரு டிராக்மா. 30 மினா என்றால் 3000 டிராக்மா, எட்டு ஆண்டுக் கூலி. சின்னத் தொகை அல்ல. ஆனால் முதலில் சொன்ன சாப்பாட்டுப் பேச்சு அதற்குள் வேலையைக் கெடுத்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்த வழக்கை வெறும் ‘அறிவுக்கும் மூடத்தனத்துக்கும் நடந்த சண்டை’ ஆக்கிவிட்டால் ஐந்து ஆண்டு முந்தைய ரத்தம் மறைந்துபோகும். கி.மு. 404-இல் ஸ்பார்ட்டாவிடம் ஏதென்ஸ் தோற்றது. ஸ்பார்ட்டாவின் துணையோடு முப்பது பேர் கொண்ட கும்பல் ஆட்சியைப் பிடித்துக் கொலையும் கொள்ளையும் செய்தது. அதன் தலைவன் கிரிட்டியாஸ் ஒரு காலத்தில் சாக்ரடீஸோடு சுற்றியவன். போரில் எதிரிப் பக்கம் தாவிய ஆல்சிபியடீஸும் அவருடைய நண்பன். மக்களாட்சி திரும்பியதும், பழைய அரசியல் குற்றங்களுக்கு வழக்குப் போடக் கூடாது என்று பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டது. மக்களாட்சியை மீட்ட தலைவர்களில் ஒருவர்தான் வழக்கில் கூட நின்ற அந்த அனிட்டஸ். ‘இளைஞர்களைக் கெடுத்தார்’ என்றபோது நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எந்த முகங்கள் நினைவுக்கு வந்திருக்கும்? அரை நூற்றாண்டு கழித்து ஈஸ்கினிஸ் என்ற பேச்சாளர், கிரிட்டியாஸுக்குக் கற்றுக்கொடுத்ததற்காகத்தானே சாக்ரடீஸைக் கொன்றீர்கள் என்று ஏதென்ஸ் மக்களிடமே பேசினார்.

அதற்காக அவரை அந்தக் கும்பலின் ஆள் ஆக்கிவிடவும் கூடாது. சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைக் கொலைக்குப் பிடித்துவரச் சொல்லி அந்த முப்பதின்மர் ஐந்து பேரை அனுப்பினார்கள். நான்கு பேர் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்கு நடையைக் கட்டினார். அதற்கு முன் கி.மு. 406-இல் மக்களாட்சியும் அவரிடம் இதே அனுபவத்தைப் பெற்றிருந்தது. ஒரு கடற்போருக்குப் பின் தளபதிகளை மொத்தமாக வைத்து விசாரிப்பது சட்டத்துக்குப் புறம்பு என்று மன்றக் குழுவில் இருந்து எதிர்த்து நின்றார்.

தமிழில் அதிகம் காணும் இன்னொரு தவறு, அவரை நாத்திகராகக் காட்டுவது. பகுத்தறிவு மேடைகளுக்கு அவர் பிடித்துப்போனதில் வியப்பில்லை, எதையும் ஏன் என்று கேட்டவர்தானே. ஆனால் தவறு செய்யப்போகும்போது ஒரு தெய்வீகக் குரல் தன்னைத் தடுக்கும் என்று சிறுவயது முதல் நம்பியவர் அவர். ஊர் ஊராகக் கேள்வி கேட்டுத் திரியவில்லை; ஏதென்ஸுக்குள்ளேயே திரிந்தார், அதுவும் தன்னைவிட அறிவாளி யாருமில்லை என்ற டெல்ஃபி கோயிலின் தெய்வ வாக்கைச் சோதிக்கப் போய்த்தான் தொடங்கியது என்றார். “கிரீட்டோ, அஸ்கிலீபியஸுக்கு ஒரு சேவல் கடன் இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு” என்பதே பிளேட்டோ தரும் கடைசி வார்த்தைகள். அஸ்கிலீபியஸ் மருத்துவத் தெய்வம். ஏன் அந்தச் சேவல் என்று இன்றுவரை அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

தீர்ப்பு வந்த அன்றே விஷம் குடித்தார் என்றும் எழுதுகிறார்கள். டீலோஸ் தீவுக்குப் புனிதக் கப்பல் போயிருந்ததால், அது திரும்பும் வரை யாரையும் கொல்லக் கூடாது. ஒரு மாதம் அவர் சிறையில் காத்திருந்தார். தப்பிக்க வைக்கக் கிரீட்டோ ஏற்பாடு செய்தும் மறுத்தார். விஷம் பாம்பினுடையது அல்ல, ஹெம்லாக் என்ற செடியினுடையது. கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தசைகள் செயலிழந்து, மூச்சு நின்று உயிர் போகும். கடைசிவரை நினைவு தெளிவாக இருந்தது என்ற பிளேட்டோவின் விவரிப்பு இதோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஓவியங்களில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிளேட்டோ அன்று அங்கே இல்லை. உடம்பு சரியில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

கருத்துகள் விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலிலும் பேசுகிறவர் சாக்ரடீஸ்தான். தத்துவஞானிகள் ஆள வேண்டும், கவிஞர்களை நகரத்தில் விடக் கூடாது என்பதெல்லாம் அவர் வாயில் வருகிறது. ஆராய்ச்சியாளர் பலரும் அதைப் பிளேட்டோவின் கணக்கில்தான் வைக்கிறார்கள். முதல்முறை படிக்கிறவர்கள் அதில் தொடங்காமல், பிளேட்டோ எழுதிய மற்ற நூல்களில் சாக்ரடீஸின் நீதிமன்றப் பேச்சான ‘அப்பாலஜி’, பிறகு ‘கிரீட்டோ’, பிறகு ‘ஃபீடோ’வின் கடைசிப் பக்கங்கள் என்று போகலாம். முதல் இரண்டும் சிறியவை, ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம்.